கடுகு ரவை போகும் தூரம்

தனிஸ்லாஸ் சுட்ட அன்று வெடிச் சத்தம் மட்டும்தான் மலையைச் சுற்றிவந்தது, ஈய ரவை போகவில்லை. அது குழலின் வாயைவிட்டு வெளியே வந்து, ஒரு கோழிமுட்டைப் பருமனில் திரண்டு, அவன் நெஞ்சு உயரத்தில் காற்றில் நின்றது. புகை கலைந்த பிறகும் நின்றது. கீழே பாறைமேல் தோகையை விரித்துக்கொண்டிருந்த ஆண் வான்கோழி கழுத்தை நீட்டிச் சத்தம் வந்த திக்கைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் இறங்கி, அவரைக்காட்டின் ஓரமாக நடந்து ஓக் மரங்களுக்குள் மறைந்த பிறகும் அங்கேயே நின்றது. பக்கத்துப் புதருக்குள் குப்புறப் படுத்திருந்த எஸ்தாக்கி எழுந்து, முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அதை ஒருமுறை சுற்றி நடந்துவந்து பார்த்தான். எஸ்தாக்கி, தனிஸ்லாஸின் மனைவி அருளாயிக்குத் தம்பி.

"மச்சான், எந்தக் குழல்ல சுட்டீங்க?"

"வலதுல."

"வலதுல கடுகுல்ல போட்டிருந்தோம்."

"ஆமா மாப்ள."

அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, ஆனைச்சரிவு ஊரில் எல்லாருக்கும் அந்தத் துப்பாக்கியைத் தெரியும். காப்பித் தோட்டத்துத் துரை கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று வளர்த்த வான்கோழிகளை, தோட்டத்தை விட்டுப் போகும்போது பட்டியைத் திறந்துவிட்டுப் போனதிலிருந்து, அவை மரத்தில் அடைந்து, காட்டில் குஞ்சு பொரித்து, மலைப்பறவையாகிவிட்டன. தவக்காலத்தில் அவற்றின் ஆண்கள் தோகை விரித்துக் கத்த ஆரம்பிக்கும், ஈஸ்டர் விருந்துக்கு ஊருக்கு ஒன்று வேண்டும், அதைச் சுட்டுத் தருவது பன்றி விரட்ட லைசென்ஸ் வைத்திருந்த தனிஸ்லாஸின் வேலை. துப்பாக்கி இரட்டைக்குழல். இடக்குழலின் நுனி உள்பக்கமாக ஒரு நூல் ஒடுங்கியிருக்கும், அதைச் சோக்கு என்பார்கள். அது ரவையைச் சிதறவிடாமல் பானையளவுக்குள் பிடித்துத் தூரத்துக்கு அனுப்பும். வலக்குழலுக்கு அந்த ஒடுக்கம் கிடையாது, அதில் போட்ட ரவை வெளியே வந்ததுமே அகல ஆரம்பித்துவிடும். ரவையிலும் ஊருக்குத் தெரிந்தது இரண்டு. மிளகு ரவை கொஞ்சம்தான் இருக்கும், கனமாக இருக்கும், எலும்பை உடைக்கும். கடுகு ரவை ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும், கிட்டத்தில் மட்டும் கொல்லும். வான்கோழியை நெஞ்சில் சுட்டால் இறகு ரவையை வாங்கிக்கொண்டு பறவை புதருக்குள் போய்ச் சாகும், யாருக்கும் கிடைக்காது; அதனால் தலையிலும் கழுத்திலும்தான் சுடவேண்டும், முப்பது கஜத்துக்குள் வரவிட்டு, இடக்குழலில், மிளகால். வலக்குழலில் கடுகு இருப்பது விழுந்து துடிக்கிற பறவையைக் கிட்டப் போய் முடித்துவைப்பதற்காக.

அன்று பறவை அறுபது கஜத்துக்கும் அப்பால் இருந்தது. எஸ்தாக்கி இலையை உதட்டில் வைத்துப் பெட்டைக் குரல் கொடுத்துக்கொண்டே, இன்னும் வரட்டும் மச்சான், இடதுலயே அடிங்க மச்சான் என்று இரண்டு தரம் கிசுகிசுத்தான். ஆனால் அந்த வருஷம்தான் தனிஸ்லாஸின் கண்ணில் புகை படர ஆரம்பித்திருந்தது. சிவந்த தலை அவனுக்குத் தலையாகத் தெரியவில்லை, ஒரு சிவப்புக் கறையாகத் தெரிந்தது, குறிவைக்க முடியாதவனுக்கு அகலமாகப் போகிறதே நல்லது என்று தோன்றிவிட்டது, விரல் வலக்குழலுக்கான முன்விசையில் விழுந்துவிட்டது. பாறைக்குப் பின்னால் சரிவு இறங்கி ஊருக்குள் போகிறது என்பதை அவன் மறக்கவில்லை. கடுகு அவ்வளவு தூரம் போகாது என்பது அவனுக்குத் தெரியும்.

முதலில் அது நகரவே இல்லை என்றுதான் நினைத்தார்கள். மழைக்கு முன்னால் அவரைக்குப் பந்தல் போட வந்த பெண்கள்தான் அது ஒரு முழம் கீழே இறங்கியிருப்பதையும், முட்டையாக இருந்தது மாதுளம்பழமாகியிருப்பதையும் பார்த்தார்கள். ஒரு தவக்காலத்துக்கும் அடுத்த தவக்காலத்துக்கும் நடுவில் ஒரு சின்ன வீட்டின் நீளம் போகும், அவ்வளவுதான் அதன் வேகம். ஆனால் உள்ளே இருந்த வலு குறையவில்லை. குறுக்கே பறந்த காக்கை அதில் பட்டதும் அப்போதுதான் சுட்டதுபோலச் சிதறி விழுந்தது. இரும்புத் தகடு நட்டுப் பார்த்தார்கள், தகட்டில் சல்லடைக் கண்கள் விழுந்தன, ரவை மறுபக்கம் அப்படியே வந்தது. மண்சுவர் எழுப்பிப் பார்த்தார்கள், சுவரையும் தாண்டியது. பால் வற்றிய ஒரு கிழட்டு எருமையைக் குறுக்கே கட்டினார்கள். எருமை செத்தது, அதற்குள் புகுந்த ரவை ஒன்றுகூடக் குறையாமல், அதே உருண்டையாக, மறு விலாவில் வெளியே வந்தது.

கீழேயிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார், குடையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், இது குண்டுக்காயமும் இல்லை, நிலச்சரிவும் இல்லை, எந்தத் தலைப்பில் போடுவது என்று சொல்லிவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கிப் போனார். மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஊர்த்தலைவர் சிங்கராயர், சுட்டவனே காவல் இருக்கட்டும் என்றார். அதனால் தனிஸ்லாஸ் அதன் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டான், அது நகர நகரக் குடிசையையும் பிரித்துத் தள்ளிப் போட்டான், மாடும் பிள்ளைகளும் அதில் போய் மோதிவிடாமல் பார்த்துக்கொண்டான். அருளாயி மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள், மகள் பிரகாசி கூடவே வந்து, அதிலிருந்து எட்ட நின்று, "அப்பா, இன்னைக்கு அது பெருசாயிருச்சா?" என்று கேட்பாள். ஊர் வேறு பாதையில் நடக்கப் பழகிக்கொண்டது. கொஞ்சநாளில் அந்த இடத்தைச் சொல்லவே ஒரு வார்த்தை வந்துவிட்டது. "ரவைக்கு மேல அவரை நல்லாக் காய்ச்சிருக்கு, ரவைக்குக் கீழதான் பூச்சி" என்று பேசினார்கள்.

அது முறத்தளவு ஆகியிருந்த வருஷம் செசிலி போய் நின்றாள். செசிலி தனியாள், விதவை, தொண்டையில் கட்டி வந்து கஞ்சிகூட இறங்காமல் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வெள்ளைச் சேலையோடு நேராக ரவை நின்ற மேட்டுக்கு ஏறி வந்தாள். தனிஸ்லாஸ் ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான், அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் அதற்கு முன்னால் போய், போட்டோவுக்கு நிற்பதுபோல நின்று, ஓரடி முன்னால் வைத்துவிட்டாள்.

அவளைப் புரட்டிப் பார்த்தபோது முதுகில் ஓட்டை இல்லை. எருமையைத் தாண்டியது, இரும்பைத் தாண்டியது, அவளைத் தாண்டவில்லை. அவள்மேல் பட்ட ரவை அத்தனையும் எலும்புவரை போய் அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது. செசிலி குள்ளம். முறத்தின் கீழ்ப்பாதி மறைந்து, மேல்பாதி மட்டும் அவள் தலை இருந்த இடத்துக்கு மேலே நின்றது, கீழ் விளிம்பில் அவள் உச்சந்தலை வளைவு தெரிந்தது.

தற்கொலைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று சாமியார் சொன்னார். சிங்கராயர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, மெதுவாகப் பேசினார்.

"குதிக்கல சாமி. தொங்கல. விஷம் குடிக்கல. நின்னா, அவ்வளவுதான். ஊருக்காக நின்னா. ஊருக்குள்ள வர்றதுல பாதியத் தானே வாங்கிக்கிட்டா. அவளத் தோட்டத்துக்கு வெளிய வைங்கன்னா நாங்க எப்படி வைப்போம்?"

சாமியார் அடக்கப் பூசையை வைத்தார். அன்று சிங்கராயர் சொன்ன ஒரு வார்த்தை, ஊருக்காக நின்னா என்கிற அந்த வார்த்தை, யார் வீட்டிலும் சத்தமாகச் சொல்லப்படாமலேயே எல்லா வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. மீதி இருந்தது பாதி முறம். செசிலியைவிட உயரமான ஒருத்தர் போய் நின்றால் முடிந்துவிடும். தனிஸ்லாஸ் ஊரிலேயே உயரமானவன். அவன் கடைக்குப் போனால் பேச்சு நிற்கும், கோயிலில் அவன் எழுந்து நின்றால் பின்வரிசையில் இருப்பவர்களின் பார்வை அவன் உச்சந்தலையிலிருந்து தோள்வரை இறங்குவது அவன் முதுகுக்குத் தெரியும்.

"போகலாம்னு இருக்கேன்" என்று அவன் ஒருநாள் அருளாயியிடம் சொன்னான்.

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "பிரகாசிக்குப் பால்பல்லே இன்னும் விழுந்து முடியல."

"ஊரு பாக்குது அருளாயி."

"பாக்கட்டும். அது எவ்வளவு தூரம் போகும்? சுடுறவரு நீங்கதானே, சொல்லுங்க."

"கடுகு நாப்பது கஜத்துக்கு மேல கோழியக்கூடச் சாகடிக்காது. அந்தப் பாறையத் தாண்டுச்சுன்னா சட்டைத்துணியத் தொளைக்காது. உன் தம்பி வீட்டுக்கு வர்றதுக்குள்ள செத்துப்போகும்."

"பெறகு என்ன? சும்மா இருங்க."

அவன் அதை ஊர்க்கூட்டத்திலும் சொன்னான். ஒரு கிழவர், இரும்பைத் தாண்டுனது துணியத் தாண்டாதாக்கும் என்றார். இன்னொருத்தர், தன் உசுருக்குப் பயந்தவன் வேற என்ன சொல்லுவான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவனுக்கே அதற்குப்பிறகு சந்தேகம் வந்துவிட்டது. வெளியே வந்ததும் போகாமல் நின்ற ரவை, சுவரை மதிக்காத ரவை, தூரத்தை மட்டும் ஏன் மதிக்க வேண்டும் என்று குடிசையில் உட்கார்ந்து யோசிப்பான். அதனால் அவன் அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டான்.

இடக்குழலாக இருந்திருந்தால் அது கடைசிவரை பானையளவிலேயே போயிருக்கும், ஒதுங்கி வழிவிட்டிருக்கலாம். இது விரிந்துகொண்டே போனது. பாதி முறம் பாதி வண்டிச்சக்கரம் ஆனது, ஒருத்தர் நின்றால் முடியும் என்றிருந்தது இரண்டு பேர் நின்றால் முடியும் என்று ஆனது, அடுத்த தவக்காலத்தில் மூன்று பேர் என்று ஆனது, கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்தாக்கிக்கும் அருளாயிக்கும் அப்பா ராயப்பர், கால் ஒன்று விளங்காமல் படுக்கையோடு கிடந்தவர், ஒரு பெரிய வெள்ளியன்று தன்னை மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். மகன் மறுத்தான். மூன்று நாள் கஞ்சி குடிக்காமல் இருந்தார். நான்காம் நாள் எஸ்தாக்கி அவரை முதுகில் சுமந்துபோய், அதற்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தான். அவர் எழுந்து முன்னால் சாய்ந்த சத்தம் அவன் பாதி வழியில் வரும்போது கேட்டது.

அதற்குப்பிறகு அது வழக்கமாகிவிட்டது. தவக்காலம் வந்தால் யாராவது ஒருத்தர், மூப்பு வந்தவர், நோய் வந்தவர், பிள்ளைகள் கவனிக்காதவர், மேட்டுக்குப் போனார்கள். போகிறவருக்கு முந்தினநாள் ஊர்ச் சாப்பாடு, புது வேட்டி அல்லது சேலை, சிங்கராயர் கையால் ஒரு மெழுகுவர்த்தி. ரவைக் கூட்டத்தில் அவரவர் நின்ற இடம் வெற்றிடமாகத் தெரியும். விடிகாலையில் கிழக்கு வெளுத்து அதன் பின்னால் வெளிச்சம் வரும்போது, அதோ செசிலியோட தலை, அதோ ராயப்பரோட தோள் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள், அது விரிய விரிய அந்த உருவங்களும் விரிந்து, இறந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் பெரிய ஆட்களாகிக்கொண்டே வந்தார்கள். ஆகாதவர்களை வையும்போது, மேட்டுக்குப் போக மனசில்லாதவன் என்று வைதார்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மருமகள் கஞ்சி ஊற்றும்போது தவக்காலம் எப்ப வருது அத்தே என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

பிரகாசி வளர்ந்தாள். எஸ்தாக்கியின் மகன் ஜெரோம் அவளுக்கு முறைமாப்பிள்ளை, இரண்டு பேரும் சின்னதிலிருந்தே ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டவர்கள், இரண்டு வீட்டுக்கும் சம்மதம்தான். பரிசம் போடுவதைப் பற்றிப் பேச அருளாயி தம்பி வீட்டுக்குப் போனபோது, எஸ்தாக்கியின் மனைவி மெர்சலின் காப்பித் தண்ணி கொடுத்து, நன்றாக உபசரித்து, பிறகு முந்தானையில் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்டுல இருந்து மாமா போயிட்டாரு. ஊருல பாதி வீட்டுல இருந்து ஆளு போயாச்சு. சுட்ட வீட்டுல இருந்து இன்னும் ஒருத்தரும் போகல. நாளைக்கு அந்தப் பொண்ண இந்த வீட்டுக்குள்ள கொண்டாந்தா ஊரு எங்களையும்ல பேசும்."

"அப்பா எனக்கும் அப்பாதானே மெர்சலின்."

"இருந்தாலும் அவரு இந்த வீட்டுல இருந்துல்ல போனாரு."

எஸ்தாக்கி அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அரிவாள் பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அருளாயி இதைத் தனிஸ்லாஸிடம் சொல்லவில்லை. ஆனால் ஊரில் சொல்லப்படாத பேச்சு எது அவனுக்குத் தெரியாமல் இருந்தது? அவன் சிங்கராயரிடம் போய், இந்தத் தவக்காலம் நான் என்றான். சிங்கராயர் அவன் தோளைத் தொட்டு, கண் கலங்கி, நல்லது என்றார். ஊர்ச் சாப்பாட்டுக்கு ஆடு பார்த்தார்கள். தனிஸ்லாஸ் குடிசையைச் சுத்தம் செய்தான், துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு எஸ்தாக்கியிடம் கொடுத்துவிட்டு வந்தான், தலைக்குக் குளித்தான். கண்ணில் புகை அப்போது பாதிக்குமேல் மூடியிருந்தது, ரவைக் கூட்டம் அவனுக்கு எதிரே ஒரு சாம்பல் நிழலாக, ஒரு வாசல் அகலத்துக்கு மேல், ஓட்டை ஓட்டையாக நின்றது.

குறித்திருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், அருளாயி வழக்கம்போலத் தூக்குவாளியோடு வந்தாள். கருவாட்டுக் குழம்பு. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பாறைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"பத்துப் பதினஞ்சு கஜம் இருக்கும்."

"அதத் தாண்டுனா ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீங்க."

"அப்பச் சொன்னேன். இப்பத் தெரியல அருளாயி."

"நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாததா" என்றாள். "ஆனா ஊரு இருக்கே. கை கழுவத் தண்ணி இல்ல, ஊத்துல மொண்டுட்டு வாங்க."

அவன் குடத்தை எடுத்துக்கொண்டு, கம்பால் வழி தட்டிக்கொண்டு, ஊற்றுக்குப் போனான். அருளாயியும் உயரமானவள்தான்.

அவள் உடனே சாகவில்லை. சத்தம் கேட்டு அவன் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது உட்கார்ந்தபடி இருந்தாள், சேலை முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், ஒரு கையால் கழுத்தைப் பிடித்திருந்தாள். பேச வரவில்லை. அவனைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல ஒருமுறை தலையை ஆட்டினாள், எது வேண்டாம் என்று அவனுக்குப் புரியவில்லை. வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். வெளிச்சம் போவதற்கு முன்னால் அடங்கிவிட்டாள்.

பெண்கள் குளிப்பாட்ட வந்தபோது, நானும் இருப்பேன் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். கண் மங்கியவனுக்கு விரல்தான் கண். அவள் தோளையும் நெஞ்சையும் கையையும் அவன் தடவிப் பார்த்தான், துணி முடிச்சுக்குள் அரிசி தட்டுப்படுவதுபோல ரவை தட்டுப்பட்டது, தோலுக்குச் சற்றே கீழே, நகத்தால் நெருடினால் வெளியே வந்துவிடும் ஆழத்தில். செசிலியிடம் எலும்புவரை போனது. ராயப்பரிடம் சதையோடு நின்றது. அருளாயியிடம் தோலைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். கழுத்தில் நரம்பு ஓடும் இடத்தில் பட்ட ஒன்றுதான் அவளைக் கொண்டுபோயிருந்தது. அவன் விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு இருந்தான். பெண்கள் அவன் கையை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அடக்கம் முடிந்ததும் சிங்கராயரிடம் சொன்னான். "உள்ள போகல. வலு போயிருச்சு. இனி யாரையும் அனுப்பாதீங்க."

"உம் பொண்டாட்டி செத்திருக்கா தனிசு. வலு போயிருச்சுன்னு சொல்றியே."

"தோலோட நிக்குது தலைவரே. தொட்டுப் பாத்தேன்."

துக்கத்தில் இருப்பவனோடு வாதம் செய்யக்கூடாது என்பதுபோலச் சிங்கராயர் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். வருஷம் திரும்பி வந்ததும் பிரகாசிக்கும் ஜெரோமுக்கும் கல்யாணம் நடந்தது, மெர்சலின் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மருமகளுக்குப் போட்டாள், ஊரே வந்து சாப்பிட்டது, போனவ வீட்டுப் பொண்ணு என்று கிழவிகள் பிரகாசியின் கன்னத்தை வழித்து முத்தமிட்டார்கள்.

அடுத்த தவக்காலத்தில் மிக்கேல் போனார். ஓடு மாற்றுகிற வேலை செய்தவர், எலும்புருக்கி நோய் வந்து ஒடுங்கிப் போயிருந்தவர். ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, புது வேட்டி கட்டி, மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு, பாறைக்கு முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். நடந்து மறுபக்கம் வந்துவிட்டார். முகமெல்லாம் அம்மை போட்டதுபோல ரத்தப் பொட்டுகள், கன்னத்திலும் நெற்றியிலும் கடுகு பாதி புதைந்து பாதி வெளியே நின்றது. கண்ணைத் திறந்து, இன்னும் வெயில் அடிப்பதைப் பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்தார்.

அவரை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியவில்லை. கடைசியில் மனசு முழுசா வைக்காமப் போயிருக்கான் என்று முடிவு செய்தார்கள். ஊர்ச் சாப்பாட்டைத் தின்றுவிட்டுச் சாகாமல் வந்தவர் என்று அவர் மகனே அவரை மாட்டுக்கொட்டகையில் படுக்கவைத்தான். பிறகு நோயும் குணமாகிவிட்டது, அதுவும் அவர்மேல் ஒரு குற்றமாகச் சேர்ந்தது. அதற்குப்பிறகு யாரும் மேட்டுக்குப் போகவில்லை. அதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை. மிக்கேல் மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் சாவுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மீதமிருந்த ரவை பாறையைத் தாண்டி, ஒரு வீட்டின் முகப்பளவுக்கு விரிந்து, விளிம்புகளில் மட்டும், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், எஸ்தாக்கி வீட்டை நோக்கி இறங்கியது. அந்த வீடுதான் சரிவில் முதல் வீடு. வீட்டைக் காலிசெய்து, பண்டபாத்திரத்தையும் சிலுவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்குப் போனார்கள். தனிஸ்லாஸ் மட்டும் அந்த முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இப்போது வெயிலும் நிழலும் மட்டும்தான் தெரியும். ரவை எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒருநாள் காலை பிரகாசி இடுப்பில் பிள்ளையோடு வந்து, முற்றத்துக் கிணற்றில் துணி துவைத்து, ஒரு நீலச் சேலையை நனைந்தபடியே கொடியில் போட்டுவிட்டு, அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

அவன் குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. ஈரத்துணியில் ஏதோ தட்டியது, பிறகு கீழே கல்லில் விழுந்தது. இன்னொன்று தட்டியது, விழுந்தது. தாளிக்க எடுத்த கடுகு கை தவறிக் கொட்டுவதுபோல, ஆனால் ஒவ்வொன்றாக, வெயில் ஏற ஏற, அது விழுந்துகொண்டே இருந்தது. பிரகாசி சேலையைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

எஸ்தாக்கி வந்தான், மெர்சலின் வந்தாள், சிங்கராயர் வந்தார், கொஞ்ச நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. சிங்கராயருக்கு வயதாகிவிட்டது, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள முழங்காலில் இறங்கி, ஒரு ரவையைப் பொறுக்கி, எல்லாருக்கும் காட்டினார்.

"போனவங்க நிறுத்திட்டாங்க" என்றார். "செசிலியும் ராயப்பரும் அருளாயியும் எல்லாருமாச் சேர்ந்து நிறுத்திட்டாங்க."

ஆமென் என்று யாரோ சொன்னார்கள், பிறகு எல்லாரும் சொன்னார்கள். மெர்சலின் அழுதாள். தனிஸ்லாஸ் கட்டிலைவிட்டு எழுந்தான். அவன் எழுந்ததும் முற்றம் அடங்கியது. எஸ்தாக்கி பக்கத்தில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான், மூச்சு வேகமாக வந்துகொண்டிருந்தது, அப்பாவை முதுகில் சுமந்த உடம்பு அது.

"மச்சான்" என்றான்.

பிரகாசிதான் கேட்டாள். "அப்பா, அம்மா போய் நின்னதாலதானே இது நின்னுச்சு?"

அவள் இடுப்பில் இருந்த பிள்ளை அவன் தாடியைப் பிடிக்கக் கை நீட்டியது. அவன் உள்ளங்கையில் நாலைந்து ரவை இருந்தது, அதை மூடிக்கொண்டான்.

"ஆமாம்மா" என்றான்.

அந்த இடத்தில் சின்னதாக ஒரு கெபி, குகை வடிவில் ஒரு கோயில், கட்டினார்கள். பொறுக்கிய ரவையைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு உள்ளே வைத்தார்கள். வருஷாவருஷம் தவக்காலத்தில் மேட்டிலிருந்து அங்கே ஊர்வலம் வரும், போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் எங்களுக்காக நின்றவரே என்று ஊர் பதில் சொல்லும். தனிஸ்லாஸ்தான் முதல் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான், கடைசியாகப் போனவளின் புருஷன் என்று. எஸ்தாக்கி அவன் முழங்கையைப் பிடித்து வழிநடத்துவான். முடிந்ததும் ஜனங்கள் வரிசையில் வந்து அவன் கையை உதட்டில் ஒற்றி முத்தி செய்வார்கள். அவன் கையைக் கொடுத்துக்கொண்டே நிற்பான்.

ஒரு வருஷம் வரிசை முடிந்து எல்லாரும் கஞ்சிக்குப் போன பிறகு, யாரோ அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மாட்டுக்கொட்டகை வாசனை வந்தது. மிக்கேல்.

அவர் தனிஸ்லாஸின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். உள்ளேயே தங்கிப்போன ரவை, தோலுக்கடியில், சின்னச் சின்ன மேடுகளாக விரலுக்குத் தட்டுப்பட்டது.

"தனிசு" என்றார் மெதுவாக, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும். "அன்னைக்கு எனக்கு வலிக்கவே இல்லடா."

தனிஸ்லாஸ் கையை எடுக்கவில்லை.